பிச்சு மேல் தப்பில்லை

கங்கா அப்பாவுக்கு,

ஐலண்டு ஆபீஸுக்குப் போட் பிடிக்க ஓடுகிறேன். மோர்க்குழம்பைச் சூடு பண்ணிக்கோங்கோ, கொதிக்க விட்டால் திரிந்துவிடும்.

என் தம்பி பிச்சு திருப்பூணித்துறைக்கு வண்டியை எடுத்துப்போய்க் குழியில் விட்டதால்தான் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றீர்கள். அன்றோடு நம் பேச்சு நின்றது. டயரை மாற்றியும் நடுக்கம் நிற்கவில்லை. இன்று காலை வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, "விசாலம், ஸ்டியரிங்கை இந்தண்டை அந்தண்டை ஆட்டு" என்றீர்கள். நாலு நாளில் அதுதான் முதல் பேச்சு. நான் ஆட்ட ஆட்ட, முன் சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கிற டை ராட் மூட்டு லொடலொடவென்று ஆடிய சத்தம் எனக்கே கேட்டது. "ரப்பர் கிழிஞ்சு உள்ளே துருவேறிக் கிடக்கு. இது வருஷக்கணக்கா தேஞ்சது" என்று முனகினீர்கள். அதுவும் காதில் விழுந்தது.

பிச்சு மத்தியானம் சாப்பிட வருகிறான். அந்த முனகலை அவனிடம் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கோ. அவன் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்தீர்களே, அந்த வண்டிச் சாவியை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

விசாலம்

புது மூட்டு மாட்டினதும் ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே. அஞ்சு மணிப் போட்டில் வந்துவிடுவேன். பிச்சுவை ஆட்டச் சொல்லாதீங்கோ, நானே ஆட்டுகிறேன்.