ஐம்பத்திரண்டு சீட்டு, ஒரு கேள்வி

ஜூன் 3, செவ்வாய்
வெயில் தாங்கவில்லை. பகல் முழுக்க உடையார்பாளையத்தில் முந்திரி உடைப்பு. விரலெல்லாம் கறுப்பு. சாயங்காலம் அரசு வேலைப் பரீட்சைக்கு மாதிரித் தாள், கணக்கில் 25-க்கு 24. போன ஒன்று: 52 சீட்டுள்ள கட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் அது சிவப்பு ராணியாக இருக்க நிகழ்தகவு என்ன? வகுக்கத் தெரியும். கட்டுக்குள் என்ன இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்தாவதில் டீச்சர், "சீட்டாட்டம் நமக்கு எதுக்கு, அடுத்த கணக்குக்குப் போங்க" என்று தாண்டிவிட்டார்.

இதுதான் கடைசித் தடவை. அடுத்த அறிவிப்புக்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்
அவருக்கு சிமெண்ட் லாரி ஓட்டும் வேலை. ஆலத்தியூரில் லோடுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் ரம்மிதான். "ஏங்க, கட்டைக் காட்டுங்க, பரீட்சைக்கு" என்றேன். சிரித்தார். "வூட்டுக்குள்ள வேணாம், அம்மா கத்தும். வண்டிக்கு வா."

லாரி இருக்கையில் துண்டை விரித்துச் சீட்டுகளைப் பரப்பினார். இஸ்பேடு, கிளாவர் கறுப்பு. ஆட்டின், டைமன் சிவப்பு. வகைக்குப் பதிமூன்று.

"முகச் சீட்டுன்னா எதுங்க?"

"படச் சீட்டுடி. ஆசு, ராஜா, ராணி, ஜாக்கி. நாலுக்கும் பத்து பாயிண்ட்டு. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். 4 × 4 = 16.

ஜூன் 22, ஞாயிறு
அரியலூர். தூறல். பரீட்சை. கேள்வி வந்தது! முகச் சீட்டு கிடைக்க நிகழ்தகவு. 16/52. விடைகளில் 4/13 இருந்தது. யோசிக்காமல் அந்த வட்டத்தைக் கறுப்பாக்கினேன். ராத்திரி கேட்டார், "நான் சொன்னது வந்துச்சா?" "வந்துச்சுங்க." லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

ஜூலை 1, செவ்வாய்
விடைக்குறிப்பு வந்தது. 3/13. மூன்று தடவை பார்த்தேன். பயிற்சி மையத்து சாருக்கு போன். "ஆசு முகச் சீட்டு இல்லம்மா. ரம்மில அதுக்கும் பத்து பாயிண்ட்டு, அவ்ளோதான்."

சோற்றை மூடி வைத்தேன். அவரிடம் தலைவலி என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி
பட்டியலில் நான் இல்லை. கடைசியாகத் தேர்வான ஆளுக்கும் எனக்கும் ஒரே கேள்வி வித்தியாசம். ஒரே ஒரு கேள்வி. பாழாய்ப் போன கேள்வி.

சாயங்காலம் அவர் புதுச் சீட்டுக்கட்டோடு வந்தார், நேராக வீட்டுக்குள். "அடுத்த தடவைக்கு இப்பவே பழகிக்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பிரித்தேன். ராஜாவுக்குக் கண், மூக்கு. ராணிக்கும் ஜாக்கிக்கும் அப்படியே. ஆசில் நடுவில் ஒரு குறி மட்டும். அன்றைக்கு லாரியிலும் இதைத்தான் பார்த்தேன். அவர் சொன்னாரே என்று கேட்காமல் விட்டேன்.

"என்னடி, கலைக்கத் தெரியலையா? கொண்டா" என்றார்.

கொடுத்தேன். வயது தாண்டுவதை இன்னும் சொல்லவில்லை.