அலை இல்லாத இடம்

மே 15, வியாழன். பெரம்பலூர்

வெயில். அக்னி நட்சத்திரம் பாதி ஆகியும் இறங்கும் உத்தேசம் இல்லை. இன்று இரண்டு வேலை: ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பது, பெட்டி அடுக்குவது. முதலாவது முடிந்தது.

நாளை கடலுக்குப் போகிறோம். மச்சான் செல்வராசு, மதியின் அண்ணன், குன்னத்தில் சிமெண்ட் கடை. இந்த வருஷம் மூட்டை நிறைய விற்றுவிட்டார். கம்பெனி மகிழ்ந்து கடற்கரை ரிசார்ட்டில் மூன்று நாள், நான்கு பேருக்கு, என்று பரிசு கொடுத்துவிட்டது. அவர் மனைவி வரவில்லை. "கடல்ல எனக்கு என்ன சோலி? மாட்ட யாரு பாக்குறது?" அந்தக் குடும்பத்தில் தெளிவாக யோசிக்கிற ஒரே ஆள் மாட்டோடு இருந்துகொள்கிறார். மீதி இடத்துக்கு நானும் மதியும் யாழினியும்.

யோசித்தால் இதில் ஒரு சுற்று இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல். கடல் போனது, கிளிஞ்சல் சுண்ணாம்புக்கல்லானது, கல் சிமெண்டானது, சிமெண்ட் மச்சானுக்குப் பரிசானது, பரிசு எங்களைக் கடலுக்கே அனுப்புகிறது. தானாக விலகிப் போனதை நாம் ஏன் தேடிக்கொண்டு போக வேண்டும் என்று மதியிடம் கேட்டேன்.

"துண்டு எடுத்து வெச்சீங்களா?" என்றாள்.

எனக்கு நீச்சல் தெரியாது. யாழினிக்குத் தெரியும், அதுதான் சிக்கல். பன்னிரண்டு வயது. மச்சான் தன் கிணற்றில் பழக்கினார். முதல் நாள் முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி இறக்கிவிட்டார். இப்போது மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து குதிக்கிறாள். அங்கே பிள்ளைகளுக்கு 'சுத்து' என்று ஒரு விளையாட்டு. கிணற்றுச் சுவரை ஒட்டியே வட்டமாக நீந்த வேண்டும், கடைசி வரை நிற்காமல் சுற்றுகிறவர் ஜெயித்தார். எப்போதும் இவள்தான். நான் மேலே வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இவளுக்குத் தண்ணீரைப் பார்த்துக் கொஞ்சமாவது பயம் வர வேண்டும். பல வருஷமாக என் ஒரே வேண்டுதல் அது.

தொழில் ஆயுள் காப்பீடு. பயத்தை விற்றுச் சாப்பிடுகிறேன். சரக்கு கொஞ்சம் வீட்டிலும் தங்கிவிடுகிறது.

மே 16, வெள்ளி. ரிசார்ட்

கடல் இருப்பது கிழக்கே. கார் தெற்கே போனது. வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூரில் நடை திறந்திருக்கும், காளியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மதி. என்னிடம் ஆட்சேபணை இல்லை. நல்ல கூட்டம்.

வெளியே வந்ததும் மச்சான், "என்ன வேண்டிக்கிட்டீங்க மாப்ள?"

"மழை."

மூன்று நாளும் கொட்டினால் அறைக்குள்ளேயே இருக்கலாம்.

சாயங்காலம் வந்து சேர்ந்தோம். மேகம் ஒன்றுகூட இல்லை. வாசலில் சிவப்பாக ஒரு சர்பத். கழுத்துக்குச் சிப்பி மாலை. கையெழுத்துக்கு ஒரு தாள்: விளையாட்டுகளின்போது உயிருக்கு நேரும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. மற்றவர்கள் படிக்காமல் போட்டார்கள். நான் இரண்டு முறை படித்தேன். என் தொழிலில் இவ்வளவு நேர்மையான வாசகத்தைப் பார்த்ததில்லை.

எங்களைச் சந்தோஷப்படுத்தும் பொறுப்பு பிரீத்தி என்ற பெண்ணுக்கு. மைக்கைக் கீழே வைப்பதே இல்லை. சக்கரம் வைத்த ஸ்பீக்கர் ஒன்று நாய்க்குட்டி போலப் பின்னால் வருகிறது. நாளைய அட்டவணை: மணலில் யோகா, பனானா போட், மணல் கோட்டைப் போட்டி, கயிறு இழுத்தல், தண்ணீரில் நடனம். சந்தோஷத்துக்கு இவ்வளவு கண்டிப்பான நேரம் பள்ளிக்கூடத்தில்கூட வைத்திருக்கவில்லை.

"அங்கிள், ஏன் டல்லா இருக்கீங்க? ஸ்மைல்!"

சிரித்தேன். அந்தப் பெண் பயந்துவிட்டது போல, அடுத்த ஆளிடம் போனது.

கடலைப் பார்த்தோம். மச்சான் இடுப்பில் கைவைத்து நின்றார், புது நிலத்தை விலை பேச வந்தவர் மாதிரி.

"பெரிய கெணறுதான், புள்ள. அவ்வளவுதான்."

"சுவரு எங்க மாமா?"

"அது எங்கயாச்சும் இருக்கும் போ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன்.

மே 17, சனி

யோகா. முதுகில் பிடிப்பு.

பனானா போட்: மஞ்சளாக ஒரு நீள மிதவை. ஆறு பேரை ஏற்றி, மோட்டார் படகில் கட்டி இழுத்துப் போய், நடுக்கடலில் வேண்டுமென்றே கவிழ்க்கிறார்கள். கவிழ்ப்பதுதான் வேடிக்கையாம். எல்லோருக்கும் மிதவைச் சட்டை உண்டு. யாழினி மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் தலைகளை எண்ணினேன். மூன்றாவது தடவை ஒரு தலை குறைந்தது. படகுக்கு அந்தப் பக்கம் இருந்தது, வேறு யாரோ ஒருவருடைய தலை. அதற்குள் எனக்குச் சட்டை முழுக்க வியர்வை.

பாஸ்கர் என்று காவலுக்கு ஓர் ஆள், இந்தக் கடற்கரைக்காரர். விசில், சிவப்பு மிதவை. ஒருவர்தான். படகு எங்கே நிற்கிறதோ அங்கே அவர்.

மணல் கோட்டைப் போட்டி. பக்கத்துக் குழு கோபுரம், கொடி, அகழி. மச்சான் தலைமையில் நாங்கள் தோண்டினோம். எங்கள் ஆட்களிடம் மணலைக் கொடுத்தால் மேலே எழுப்பத் தோன்றாது. படி வைத்து, சுவர் தட்டி, அடியில் ஊற்று வரும்வரை.

பிரீத்தி வந்து குனிந்து பார்த்தது. "வாவ், இது ஸ்விம்மிங் பூலா அங்கிள்?"

"கிணறு."

"உள்ள ஏதோ சிப்பி மிதக்குதே?"

"அது நானு" என்றாள் யாழினி.

ஆறுதல் பரிசு, ஒரு தொப்பி. அரை மணி நேரத்தில் அலை வந்து கிணற்றை மூடிவிட்டது. அவளுக்கு ஒரே சிரிப்பு. நான் சிப்பியைத் தேடினேன். கிடைக்கவில்லை. மதி, "என்னத்த தேடறீங்க?" என்றாள். சாவி என்றேன்.

மச்சானுக்குக் கடல் பிடித்துவிட்டது. உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கிறதாம். "கெணத்த விட லேசு மாப்ள. படுத்துக்கிட்டே போவலாம்." எங்கே போகலாம் என்று கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

சாயங்காலம் எழுதுகிறேன். எழுத்து கோணல். நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

காலையில் காற்று. நேற்றைவிட அலை பெரியது. கரையில் வந்து விழும் சத்தமே மூட்டை இறக்குவது மாதிரி. பாஸ்கர் வடக்கே படகோடு. பிரீத்தி பாட்டுப் போட்டு இருபது பேரை முழங்கால் தண்ணீரில் ஆட வைத்துக்கொண்டிருந்தது.

மச்சான் யாழினியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மிதவைச் சட்டை இல்லை. கிணற்று ஆட்களுக்கு அது அவமானம். வேண்டாம் என்றேன். அலை அடித்துப் புரட்டிவிடும் என்றேன்.

"அப்பா, ப்ளீஸ்ப்பா. நாளைக்கி ஊருக்குப் போறோம்."

சுற்றிப் பார்த்தேன். கொஞ்சம் தெற்கே ஓர் இடம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது. நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லை. தண்ணீர் கறுத்து, வழவழவென்று, குன்னத்துக் கிணறு மாதிரி.

"அங்க போங்க. அங்க அமைதியா இருக்கு."

நான்தான் சொன்னேன். கையை நீட்டிக் காட்டினேன்.

மச்சான்: "மாப்ள சொன்னா கணக்கா இருக்கும். பயந்தவரு பாத்துத்தான் சொல்வாரு."

இறங்கினார்கள். இடுப்பளவு. மார்பளவு. நீந்தினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தப் பயணத்தில் அதுதான் முதல் நிம்மதி. மதியிடம் டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர்கள் தூரத்தில் இருந்தார்கள். நீந்திப் போன மாதிரி இல்லை. முகம் இரண்டும் கரையைப் பார்த்து இருந்தது. கை அடிக்கிறார்கள், தூரம் கூடுகிறது.

மதி, "ஏங்க" என்றாள்.

விசில். பாஸ்கர் மணலில் ஓடி வந்தார். ஓடிக்கொண்டே கத்தினார். "நேரா வராத! இழுக்குது! பக்கமா போ, பக்கமா!" பாட்டுச் சத்தத்தில் எங்களுக்கே பாதிதான் கேட்டது. அங்கே என்ன கேட்கும்? மிதவையோடு உள்ளே பாய்ந்தார்.

மச்சான் நேரே கரைக்கு அடித்துக்கொண்டிருந்தார். கிணற்றில் மூச்சு வாங்கினால் எதிரே இருக்கிற சுவருக்கு நாலு கை போட்டால் போதும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் உண்டு. அவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான். இங்கே கை போடப் போடச் சுவர் பின்னால் போகிறது.

பிரீத்தியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். என்ன சொல்வது? பக்கமாகப் போ என்றால் அவளுக்கு எந்தப் பக்கம்? வாயில் வந்தது இதுதான்:

"யாழினி! சுத்து! கெணத்துல சுத்துற மாதிரி சுத்தும்மா! கரைக்கு வராத! சொவத்த ஒட்டிச் சுத்து!"

ரிசார்ட் முழுக்கக் கேட்டிருக்கும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் கைதட்டினார், விளையாட்டு என்று நினைத்து.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்தச் சின்னத் தலை திரும்பியது. கரையை விட்டுவிட்டு, கரையோடு போகிற மாதிரி, வடக்கே. இல்லாத சுவர் ஒன்றை ஒட்டி. நான் சுத்து, சுத்து என்று கத்திக்கொண்டே இருந்தேன். வெள்ளை அலைக்குள் போனாள். தலை தெரியவில்லை. தெரிந்தது. தெரியவில்லை. நான் பயந்த அதே அலைதான் அவளைத் தூக்கிக் கொண்டுவந்து மணலில் போட்டது.

மச்சானைப் பாஸ்கர் மிதவையில் மாட்டி இழுத்து வந்தார். உதடு நீலம். நிறைய வாந்தி.

பாஸ்கர் மூச்சு வாங்கியபடி கேட்டார். "அலை இல்லாத எடத்துலதான்யா தண்ணி கடலுக்குத் திரும்பிப் போவும். யாரு அங்க எறங்கச் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன்.

மச்சான் மணலில் குப்புறக் கிடந்தபடியே, "நான்தாங்க. நானா எறங்கிட்டேன்" என்றார்.

மதி என் பக்கத்தில்தான் நின்றாள். நான் கையை நீட்டிக் காட்டியபோதும் என் பக்கத்தில்தான் நின்றாள்.

மே 19, திங்கள்

திரும்பும் வழி. மச்சானை ஓட்ட விடவில்லை, நான் ஓட்டினேன். விக்கிரவாண்டி தாண்டி டீக்கு நிறுத்தினோம். மச்சான் தனியாக வந்து, "மாப்ள, வூட்டுல மூச்சு வுட்றாதீங்க. அப்புறம் கெணத்துக்கு மூடி போட்ருவா" என்றார். சிரித்தார்.

பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்து, வடை வாங்கிக் கொடுத்தேன்.

யாழினி பின்சீட்டில் அம்மா மடியில் தூங்கியபடி. மேட்டில் கார் ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் கை இருக்கையைப் பிடிக்கிறது.

மதி வீடு வந்த பிறகுதான் பேசினாள். "பயப்புடறது தப்புன்னு சொல்லல. எதுக்குப் பயப்புடணும்னு தெரிஞ்சிக்கிட்டுப் பயப்புடுங்க."



மே 22, வியாழன்

ஒரு பாலிசி போட்டேன். கரண்ட் மூன்று மணி நேரம் இல்லை. வெங்காயம் மலிவு.

யாழினி வாளியில் தண்ணீர் மொண்டு குளிக்கிறாள், தலையில் ஊற்றிக்கொள்வதில்லை. முகத்தில் தண்ணீர் பட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டேன்.

மச்சான் போன் செய்தார். கோடை மழை ஒன்று நல்லபடியாக இறங்கி, கிணறு ஏறியிருக்கிறது, ஞாயிறு வாருங்கள் என்று. யாழினியிடம் நீட்டினேன். "தலவலிக்குது மாமா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் தலைவலி வியாழக்கிழமையே.

பல வருஷ வேண்டுதல் நிறைவேறிவிட்டது. கோயில் சாமிகள் எல்லாம் சேர்ந்து மொத்தமாகக் கொடுத்துவிட்டன போலிருக்கிறது. திருப்பிக் கொடுக்க எங்கே போவது?

மே 25, ஞாயிறு. குன்னம்

மேகமூட்டம். பிடிவாதமாகக் கூட்டிப் போனேன். வரப்பு வரை வந்தாள். கிணற்றுக்குப் பத்தடி முன்னால், நான் வழக்கமாகப் பிடிக்கும் அதே வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

கொட்டகையிலிருந்து பழைய கேனை எடுத்தேன். கட்டினேன். சட்டையைக் கழற்றினேன்.

மச்சான், "மாப்ள! என்னா இது?"

"நீச்சல் கத்துக்கப் போறேன்."

"இந்த வயசுலயா? மதி, இங்க வா, ஒன் வூட்டுக்காரரப் பாரு!"

படி இறங்கினேன். பாசி. சுவரைப் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். நடிப்பில்லை. கடைசிப் படி. தண்ணீர் கறுப்பாக, அசையாமல். இப்போது அமைதியான தண்ணீரைப் பார்த்தால் கூடுதலாகப் பயம்.

மேலேயிருந்து அவள் குரல். "அப்பா, கேன முன்னாடி கட்டிருக்கீங்க. கவுந்துருவீங்க."

"அப்படியா?"

"முதுகுலப்பா. அவுருங்க."

"முடிச்சு வரல."

பிறகு படியில் கால் வைக்கும் சத்தம். நின்றது. மறுபடியும். ஒவ்வொரு படியாக. என் பின்னால் வந்து முடிச்சை அவிழ்த்தாள். விரல் ஜில்லென்று இருந்தது. கேனை முதுகுக்குத் தள்ளி இறுக்கினாள்.

"இப்ப சரி" என்றாள்.

தலையாட்டத் திரும்பினேன். கால் வழுக்கியது.

கிணறு முழுக்க என் வாய்க்குள் வந்தது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கேன் என்னைத் தூக்கி நிறுத்தியபோது ஒரு கை என் கைக்கு அடியில் இருந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். தலைமுடி ஒட்டி, மூச்சு வாங்கி, கழுத்தளவு தண்ணீரில் அவள்.

மேலேயிருந்து மச்சான், "சுத்துங்க மாப்ள! சொவத்த ஒட்டிச் சுத்துங்க!"

சுற்றினேன். சுவரை விடவில்லை. அவள் எனக்கு ஒரு கை முன்னால் போனாள்.