பெருசுக்கு ஜோடி போடும் நாள்

3 டிசம்பர்

அன்பு மாப்ளைக்கு,

போன் அடிச்சா நீ எடுக்கிறதில்ல. எடுத்தாலும் "ம்" கொட்டிட்டு வச்சிடுற. அதான் பேனாவைத் தேடிப் பிடிச்சேன். நான் கடைசியா லெட்டர் எழுதினது தங்கச்சி ஹாஸ்டல்ல இருந்தப்போ. அப்பவும் பாதி லெட்டர் புறா சமாச்சாரம்தான்.

அவ போனதுல இருந்து அந்த மாடிக் கூட்டுக்கு நீதான் தீனியும் தண்ணியும் வைக்கிற. பழக்கமில்லாத வேலை. நீ மூஞ்சியைச் சுளிக்காம செய்றன்னு தெரியும். ஆனா இன்னொரு வேலை பாக்கி இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஆணையும் பெட்டையையும் பிரிச்சு, நடுவுல தடுப்பு போட்டுட்டுப் போனா இல்ல? அதைத் திறக்கணும். இந்த மாசத்துக்குள்ள ஜோடி போட்டாத்தான் குஞ்சு பொரிஞ்சு, பறக்கப் பழகி, ரேஸுக்குத் தேறும்.

எல்லாத்தையும் போட வேணாம். பெருசை மட்டும் அந்தப் பெட்டை ராங்கியோட சேர்த்து விடு. நானும் அவளும் ஸ்கூல் படிக்கிறப்போ ஆரம்பிச்ச வம்சத்துல மிச்சம் அவன் ஒருத்தன்தான். கிழவனாயிட்டான். அடுத்த வருஷம் அவனால முடியுமோ என்னவோ. இந்த சீசன் தவறினா அந்த வம்சம் அதோட சரி.

தேதி குறிச்சு எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மச்சான்

15 டிசம்பர்

மச்சானுக்கு,

லெட்டர் கிடைச்சுது. நல்லா இருக்கேன். வேலைக்குப் போறேன். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் சர்வீஸ் என் பேர்ல வந்துச்சு. வேற ஆளை அனுப்பச் சொல்லிட்டேன்.

இப்போ ஜோடி போடுறது சரியா வராதுன்னு நினைக்கிறேன். பகல் வெளிச்சம் குறைவு. பெட்டை முட்டை போட வெளிச்ச நேரம் கூடணும்னு படிச்சேன். கூட்டுல ஒரு தெர்மோமீட்டர் மாட்டியிருக்கேன், விடியக்காலையில ரொம்ப இறங்குது. ஈரமும் அதிகம். பெருசோட இடது இறக்கையில கடைசி இறகு இன்னும் முழுசா வளரலை. ஜனவரியில பார்க்கலாம்.

அவசரம்னா எல்லாத்தையும் நீங்களே கொண்டு போயிடுங்க. வேன் நான் ஏற்பாடு பண்றேன்.

மாப்ள

27 டிசம்பர்

அன்பு மாப்ளைக்கு,

பெருசு என்ன லிஃப்டா, டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் கொடுத்த பிறகு ஓட்டுறதுக்கு? முதல்ல அந்தத் தெர்மோமீட்டரைக் கழட்டு. குளிர்ல உனக்குத்தான் நடுங்கும், அவனுக்கு உடம்பிலேயே போர்வை முளைச்சிருக்கு. ஒத்தை இறகுக்காக எவனாவது கல்யாணத்தைத் தள்ளி வைப்பானா?

நான் கொண்டு வந்தா அவனைக் கம்பிக்குள்ளயே வச்சிருக்கணும். வெளிய விட்டா நேரா உன் மாடிக்குத்தான் வருவான். வயசான காலத்துல அவனை ஏன் ஜெயில்ல போடணும்? அதனால வேன் கதை வேணாம்.

இன்னொண்ணு. பெட்டைங்களை இவ்வளவு நாள் தனியா அடைச்சு வச்சா அதுங்க ஏதாவது கோக்குமாக்கு பண்ணும். பிறகு என்னைக் கேட்காதே.

லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவங்ககிட்ட கதவுக்கு வெளிய நின்னு மணிக்கணக்கா பேசிக்கிட்டே இருப்பியாம். தங்கச்சி பெருமையடிப்பா. என்கிட்ட ஒரு பக்கம் எழுத மட்டும் உனக்குக் கை வலிக்குது. கடையில பொங்கல் தையல் ஆர்டர் மலை மாதிரி குவிஞ்சிருக்கு, நானே எழுதுறேன்.

உன் மச்சான்

19 ஜனவரி

மச்சானுக்கு,

ஒரு சந்தேகம். தடுப்பை நான் தொடவே இல்ல. ஆனா பெட்டைங்க பக்கம் மூலையில இருந்த சட்டியில நாலு முட்டை இருக்கு. ஆண் எதுவும் உள்ள புகுந்திருக்குமோன்னு கம்பி, கொக்கி, கதவு எல்லாத்தையும் இழுத்துப் பார்த்துட்டேன். விரல் நுழையற சந்து கூட இல்ல. ராங்கியும் குண்டம்மாவும் மாத்தி மாத்தி அடை உட்கார்றாங்க. ஒருத்தி இறங்கினா அடுத்தவ ஏறிடுறா. ஷிஃப்ட் வேலை மாதிரி.

என்ன நடந்திருக்கும்னு எழுதுங்க.

மாப்ள

26 ஜனவரி

அன்பு மாப்ளைக்கு,

உன் லெட்டரைப் படிச்சுட்டு கடையில உட்கார்ந்து சிரிச்ச சிரிப்புல, கட்டிங் மாஸ்டர் துணியைக் கோணலா வெட்டிட்டார். இத்தனை மாசத்துல நான் சிரிச்சது இதான் முதல் தடவைன்னு அவர்தான் சொன்னார்.

கம்பியில தப்பில்ல மாப்ள. ஒரு பெட்டை ரெண்டு முட்டைதான் போடும். நாலு இருந்தா ரெண்டு பெட்டை. ஆண் கிட்ட வர முடியலைன்னா அதுங்க தங்களுக்குள்ளயே ஜோடி சேர்ந்து குடும்பம் நடத்தும். நீ தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தே, அவங்க பொறுத்துப் பார்த்துட்டு வேலையைத் தொடங்கிட்டாங்க.

அந்த முட்டையில கரு கிடையாது, எத்தனை நாள் உட்கார்ந்தாலும் பொரியாது. எடுத்து வீசிடு. ராங்கியைப் பிரிச்சு கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்துட்டு பெருசுகிட்ட விடு. இப்பவும் ஒண்ணும் குடி முழுகிடலை. ஆனா இன்னைக்கே செய். முட்டையை எடுக்கிறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?

உன் மச்சான்

5 பிப்ரவரி

மச்சானுக்கு,

எடுக்கலை.

நீங்க சொன்னது சரியான்னு ஒரு முட்டையை டார்ச் மேல வச்சுப் பார்த்தேன். வெளிச்சம் அப்படியே அந்தப் பக்கம் வந்துச்சு. நரம்பு இல்ல, புள்ளி இல்ல. சரின்னு நாலையும் பார்த்துட்டு, இருந்த மாதிரியே திரும்ப வச்சுட்டேன். ராங்கி என் கையைக் கொத்திட்டு அதுமேல உட்கார்ந்துக்கிட்டா.

நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்தாங்க. எடுத்த அம்மா கலகலன்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. நடுவுல பேச்சு நின்னுச்சு. ஸ்கிரீனை அவங்க பக்கமா திருப்பிக்கிட்டாங்க. நான் மெஷின் பார்க்கிறவன் மச்சான். எப்போ ஸ்கிரீனைத் திருப்புவாங்கன்னு தெரியும். அவ என் மூஞ்சியைப் பார்த்து, "என்னங்க தெரியுது?"ன்னு கேட்டா. "ஒண்ணும் தெரியலை"ன்னேன். அது ரெண்டு விதத்துலயும் உண்மைதான், ஸ்கிரீனும் தெரியலை, அதுல துடிப்பும் இல்ல. அப்புறம் அவளை உள்ள கொண்டு போயிட்டாங்க. ஒருத்தர் வெளிய வந்து, "குழந்தையை எடுத்துட்டோம்"னார். எடுத்துட்டோம்னா என்ன அர்த்தம்னு நான் கேட்கலை. அடுத்த தடவை அவர் வந்தது அவளைப் பத்திச் சொல்றதுக்கு.

நீங்க சாதாரணமாத்தான் எழுதினீங்க. எடுத்து வீசிடுன்னு படிச்சதுக்கு அப்புறம் என்னால அந்த முட்டை கிட்ட கையைக் கொண்டு போக முடியலை.

தெர்மோமீட்டர், வெளிச்சம், இறகு, நான் எழுதினது எதுவும் பொய்யில்ல. ஆனா காரணம் அது இல்ல. இந்த வீட்டு மாடியில ஏதோ ஒண்ணு பொரிஞ்சு வாயைத் திறந்து தீனி கேட்கும். அதை என்னால பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

மாப்ள

12 பிப்ரவரி

அன்பு மாப்ளைக்கு,

லெட்டரைப் பாதி படிச்சேன். மீதியை என் வீட்டுக்காரி படிச்சுச் சொன்னா. ரெண்டு பேரும் அன்னைக்கு சமைக்கலை.

எனக்கு ரேஸ் எல்லாம் ஒரு விஷயமே இல்ல. அவ கைபட்ட ஒண்ணு இன்னும் கொஞ்ச காலம் வானத்துல சுத்தட்டும்னு ஆசைப்பட்டேன். அது என் ஆசை. அதை உன் தலையில கட்டப் பார்த்திருக்கேன். வம்சம் முடிஞ்சா முடியட்டும். பெருசு இருக்கிற வரைக்கும் தின்னுட்டு வெயில் காயட்டும்.

முட்டையை நீ ஒண்ணும் செய்ய வேணாம். பெட்டைங்களுக்கே தெரியும். உட்கார்ற வரைக்கும் உட்கார்ந்துட்டு ஒரு நாள் தானா எழுந்து போயிடும். யாரும் சொல்லித் தரத் தேவையில்ல.

இனிமே ஜோடியைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ மட்டும் எழுதிக்கிட்டே இரு. ரெண்டு வரின்னாலும் சரி.

உன் மச்சான்

24 மார்ச்

மச்சானுக்கு,

இத்தனை நாள் எழுதாததுக்குக் கோவிச்சுக்காதீங்க.

நீங்க சொன்ன மாதிரிதான் நடந்துச்சு. குண்டம்மா முதல்ல எழுந்துட்டா. ராங்கி ரெண்டு நாள் தனியா உட்கார்ந்திருந்தா. அப்புறம் ஒரு காலையில தீனித் தட்டுக்கு வந்தவ சட்டிப் பக்கம் திரும்பிப் போகவே இல்ல. முட்டை வெயில்ல கிடந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். பிறகு நானே எடுத்தேன். பூந்தொட்டி மண்ணுல புதைச்சேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வச்சேன்.

ராங்கி ரொம்ப இளைச்சிருந்தா. கையில பிடிச்சா நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்துச்சு. தினமும் பிடிச்சுத் தடவிப் பார்ப்பேன், அவளும் தினமும் கொத்துவா. போன வாரம் தொட்டா சதை இருந்துச்சு. பெருசோட இறக்கையையும் விரிச்சுப் பார்த்தேன். கடைசி இறகு வளர்ந்துடுச்சு. மறுபடி சாக்கு சொல்றதுக்கு என்கிட்ட எதுவும் இல்ல.

ஞாயித்துக்கிழமை ராங்கியைப் பெருசு பக்கம் விட்டேன். கொஞ்ச நேரம் அவன் எதுவுமே செய்யலை. யாரோ வழி தப்பி வந்துட்டாங்கன்னு நினைச்ச மாதிரி நின்னான். அப்புறம் கழுத்தை ஊதிக்கிட்டு ஒரு சுத்து சுத்தினான், கால் வழுக்கி விழப் பார்த்தான். அவ கண்டுக்கவே இல்ல. பேருக்கேத்த ஆள். இருட்டுறப்போ போய்ப் பார்த்தா ரெண்டு பேரும் ஒரே பெட்டியில இருந்தாங்க.

ரேஸுக்கு லேட்டாயிடுச்சு, தெரியும். பொரியுமான்னும் தெரியாது, அவனுக்கு வயசாச்சு. டார்ச் வச்சுப் பார்க்கப் போறதில்ல.

பொரிக்கிற வாரம் வாங்க மச்சான். கடையைக் கட்டிங் மாஸ்டர் பார்த்துப்பார். மாடிக்கு நீங்க முன்னாடி ஏறுங்க. நான் படியில நிக்கிறேன். அங்க என்ன இருந்தாலும் மேல இருந்தே சத்தமா சொல்லுங்க.

உங்க மாப்ள