மூன்று நூலும் பத்து மில்லிமீட்டரும்

ஜூன் 9, திங்கள்
வேங்கிக்கால் ஆபீஸில் சேர்ந்து இரண்டாவது வாரம். சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்டுகிற ஃபிட்டர்களுக்கான வழிமுறைத் தாளைத் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே தாளில் இரண்டு விதமான அளவு! பிப்ரவரியிலிருந்து வரும் புது ஸ்டாண்டில் வெல்டிங் செய்த நட்டு 10 மில்லிமீட்டர். அதில் முறுக்கும் போல்ட் மட்டும் பழையபடி '3 நூல்'. நூல் என்பது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூன்று நூல் ஒன்பதரை மில்லிமீட்டர்தானே வரும்?

கேட்டேன். முதலாளி இளஞ்செழியன் சார் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா நந்தினி. நம்ம பசங்களுக்கு நூல்னாதான் புரியும். நீ எழுத்துப் பிழை மட்டும் பாரு."

ஜூன் 10
எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன். தாள் அச்சுக்குப் போய்விட்டது.

ஜூன் 17, செவ்வாய்
நேற்று சாயங்காலம் பேய்க்காற்று, மழை. ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி. மாடியில் போன வாரம் நாங்கள் மாட்டிய ஸ்டாண்டின் கால் பிரிந்து டேங்க் சரிந்துவிட்டது. கண்ணாடிக் குழாய்களெல்லாம் உடைந்து கீழே முற்றத்தில். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மழை என்று உள்ளே எழுந்து போயிருந்தார்களாம். இல்லையென்றால் —

மாட்டியவர் எங்கள் ஃபிட்டர் மூர்த்தி அண்ணன். சரியாக டைட் பண்ணவில்லை என்று சார் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

ஜூன் 18
மூர்த்தி அண்ணன் ஸ்பேனர் பையை ஒப்படைக்க வந்தார். "பேப்பர்ல இருந்த போல்ட்டத்தான் மேடம் வாங்கிப் போட்டேன். முறுக்கும்போதே லொடலொடன்னுதான் இருந்துச்சு. சொன்னேன். யாரு கேக்கறாங்க?"

என் முகத்தையே பார்க்கல. அந்தத் தாள நான்தான் எழுதினேன்னு நினைக்கிறாரா? 'நானும் சார்கிட்ட கேட்டேண்ணா'ன்னு சொல்ல வாய் வரல. கேட்டேன், விட்டுட்டேன். அதுல என்ன பெருமை?

ஜூன் 19
குடோனிலிருந்து ஸ்டாண்டின் ஒரு காலைத் தூக்கிவந்து சார் மேஜையில் வைத்தேன். நட்டில் மூன்று நூல் போல்ட்டை விட்டு ஆட்டிக் காட்டினேன். ஆடியது.

"இத ஒத்துக்கிட்டா பிப்ரவரிலேர்ந்து போட்ட அத்தனை மாடிக்கும் ஏறணும். தெரியுதா?"

"தெரியுது சார். ஏறணும். மூர்த்தி அண்ணனையும் திரும்பக் கூப்பிடணும்."

பேசினது நானா?

ஜூன் 20
சார் அந்த ஸ்டாண்டுக் காலைக் குடோனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். வேறு வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி
திங்கட்கிழமை சாரே மூர்த்தி அண்ணனுக்கு போன் செய்து திரும்ப வரச் சொன்னாராம். புதுத் தாளில் எல்லா அளவும் மில்லிமீட்டர். நானே டைப் செய்தேன்.

இன்று போல்ட் மாற்ற மூவரும் கீழ்பென்னாத்தூர் போனோம். மாணவிகள் விடுதி, மொட்டை மாடி. டேங்க் நிழலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மூர்த்தி அண்ணன் ஸ்பேனரை எடுப்பதற்குள் சார் குனிந்து ஒரு போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலாலேயே திருகினார். கையோடு வந்துவிட்டது.

அதைக் கையில் பிடித்தபடியே அந்தப் பெண்களிடம், "கீழ போய் உக்காருங்கம்மா" என்றார்.