நான்காம் பகுதி: மேற்படி

மார்ச் 4, செவ்வாய்

எந்த ஃபைபர் பெட்டி வாங்குவது என்று பதினோராவது கூட்டம். எடுத்த முடிவு: பன்னிரண்டாவது கூட்டம் வெள்ளிக்கிழமை.

துறைத்தலைவர் இன்றும் விற்பனைக்காரர் கொடுத்த பளபளப்புப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். "ஒரே ஃபைபர்ல நாப்பது நிறம் போகுதாம்மா. நீங்க பதினாறுலயே நிக்கிறீங்க" என்றார். நமக்கு இன்று வேண்டியது ஒன்பது. ஐந்து வருடம் கழித்துப் பதினான்கு. அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். நகரத்தைச் சுற்றி ஓடும் கேபிள் வளையத்தின் ஆறு நிலையங்களில் நான்கு, துணி அலமாரியைவிடச் சற்றே பெரிய அறைகள். நாற்பது நிறப் பெட்டிக்குக் குளிரூட்டி வேண்டும்; அதையும் உள்ளே வைத்தால் ஆள் வாசலில் நின்றுதான் வேலை பார்க்க வேண்டும். பதினாறு நிறப் பெட்டி விசிறிகூட இல்லாமல் ஒரு மூலையில் கிடக்கும்.

கொசு அடிக்க உலக்கை எதற்கு சார் என்று கேட்டேன்.

"உலக்கை இருந்தா நாளைக்கு நெல்லும் குத்தலாமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் எரிச்சல்.

இனி இந்த நோட்டில் அவர் பெயர் 'நாற்பது'.

மார்ச் 5, புதன்

மாடியில் குடியிருக்கும் அக்கா துணி காயப்போட வந்தவள் கேட்டாள்: "இன்னும் அந்த டப்பாதானா? இந்த வீட்டையே எட்டு மாசத்துல கட்டி முடிச்சாங்கடி."

விளக்கினேன். ஒரு கண்ணாடி இழை; அதற்குள் பல நிற வெளிச்சங்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேரின் பேச்சும் படமும்; இந்த முனையில் சேர்க்க, அந்த முனையில் பிரிக்க ஒரு பெட்டி.

"நிறமெல்லாம் தெரியுமா?"

"கண்ணுக்குத் தெரியாதுக்கா."

"தெரியாத நிறத்துக்கா பதினோரு மாசமா அடிச்சுக்கறீங்க?"

வாளியிலிருந்து ஒரு புடவையை எடுத்து உதறிக் கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

நாற்பது இறங்கிவந்தார். வந்த விதம் இது: "சரிம்மா. பதினாறு நிறப் பெட்டிய ரெண்டு வாரத்துக்கு வாங்கி வளையத்தோட ஆறு பகுதியிலயும் ஓட்டிக் காட்டுங்க. அறிக்கை உங்க பேர்ல மட்டும். நின்னா திட்டப் பிரிவு உங்களுக்கு. நிக்கலேன்னா இனிமே என் பேச்சைக் கேளுங்க."

திட்டப் பிரிவுத் தலைவர் நாற்காலி இரண்டு வருடமாகக் காலி. வேலையை மட்டும் நான் பார்க்கிறேன். வேண்டாம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். இங்கே பொய் எதற்கு? வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

ஒன்று, இரண்டு, மூன்றாம் பகுதிகளில் ஓட்டிப் பார்த்தாயிற்று. பதினாறு நிறமும் சுத்தமாக வருகின்றன.

மார்ச் 14, வெள்ளி

நான்காம் பகுதியில் மூன்று நிறங்கள் வரவில்லை. அடுத்தடுத்த மூன்று.

இழை இணைப்பவர் மேல் எரிந்து விழுந்தேன். முனையை ஒழுங்காகத் துடைத்தீர்களா என்று. பாவம், அவர் என்னைவிடப் பொறுமைசாலி. "மூணு தடவ தொடச்சாச்சு மேடம். இன்னும் தொடச்சா ஃபைபரே தேஞ்சிடும்."

அளக்கும் கருவி பழுது என்றேன். வேறு கருவி கொண்டுவந்தார். அதே மூன்று. பதினாறில் மூன்று போனால் பதின்மூன்று. வேண்டியது பதினான்கு.

ஒன்று. ஒரே ஒன்று.

மார்ச் 15, சனி

பழைய வகை இழை என்றால் சரியாக அந்த மூன்றும்தான் சாகும். செய்யும்போதே கண்ணாடிக்குள் தங்கிவிட்ட ஈரம் அவற்றைக் குடித்துவிடும். நாற்பது நிறப் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை; அதன் நிறங்கள் ஈரம் தொடாத பக்கத்தில் நெருக்கி நிற்பவை. ஆனால் பதிவேட்டில் நான்காம் பகுதி புது வகை. பதிவேட்டை வைத்துத்தானே பதினாறு போதும் என்று சண்டையே போட்டேன்?

எவனோ ஒருவன் ஒழுங்காக எழுதவில்லை. கையில் கிடைத்தால் இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் மேன்ஹோலில் இறங்கினோம். இணைப்பவர் கேபிள் உறையைத் துணியால் துடைத்து, அச்சிட்டிருந்ததை வாசித்தார். பழைய வகை.

மதியம் பதிவறை. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய பக்கம். மூன்றாம் பகுதி: புது வகை. அடுத்த வரி, நான்காம் பகுதி: மேற்படி.

கையெழுத்து என்னுடையது.

நினைவு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். அன்று அந்தப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். புதுச் செருப்பு. நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து 'மேற்படி' எழுதினேன். எந்த நாளைக்கு? 'பார்த்து வாங்குங்க, படிச்சு வாங்குங்க' என்று பதினோரு மாதமாக ஊரையே விரட்டினேனே, ஒரு தடவை குனிஞ்சு படிச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? சீ.

கீழே 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் சுழித்துப் போட்ட இன்னொரு கையெழுத்து. நாற்பது. அப்போது அவர் என் மேற்பார்வையாளர்.

மார்ச் 18, செவ்வாய்

நாற்பதிடம் பக்கத்தைக் காட்டினேன். தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்துப் போனேன். செய்திருக்கலாம்.

"இதை எதுக்கும்மா கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போறீங்க? யோசிச்சுப் பாத்தேன், நாப்பதே நல்லதுன்னு எழுதிக் குடுங்க. முடிஞ்சுது. நாற்காலி உங்களுக்குத்தான், நான் பாத்துக்கறேன்."

"பக்கம் சார்?"

"பத்தொம்பது வருஷம் கிடந்துச்சு. கிடக்கட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். நாளை வேறு யாரோ இந்தப் பக்கத்தை நம்பி இன்னொரு பெட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள், என்னை மாதிரியே சண்டை போட்டு.

மார்ச் 20, வியாழன்

இரண்டு அறிக்கைகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று அரைப் பக்கம், வழவழவென்று. இன்னொன்று நாலு வரி.

மார்ச் 21, வெள்ளி

நாலு வரியை வாசித்தேன். நான்காம் பகுதி பழைய வகை, பதிவேடு தவறு, எழுதியது நான், பதினாறு நிறப் பெட்டி இங்கே போதாது. பக்கத்தின் நகலைச் சுற்றுக்கு விட்டேன். சரிபார்த்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாற்பது ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பது நிறப் பெட்டி முடிவாயிற்று. ஆறு நிமிடம். இத்தனை மாதம் இழுத்தது ஆறே நிமிடத்தில்!

ஏப்ரல் 2, புதன்

நாற்காலி வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு. எனக்கு ஒரு உத்தரவு: வளையத்தின் ஆறு மட்டுமல்ல, நகரத்தின் நாற்பத்தொரு பகுதிகளிலும் கேபிள் உறையை நேரில் படித்துப் பதிவேட்டைத் திருத்த வேண்டும். அக்காவிடம் சொன்னேன். "பதவி கேட்டா பள்ளத்தைக் குடுத்தாங்களா?" என்றாள். சிரித்துத் தொலைத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

முட்டி வலி. பதினொரு பகுதி முடிந்தது. ஒன்பதாம் பகுதியிலும் தவறு. எழுதியது நான் இல்லை. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. பிறகு இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

பகுதிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படிவங்களை நாற்பதின் மேசையில் வைத்து ஒரு வாரம் ஆகிறது. 'சரிபார்த்தவர்' இடத்தில் கையெழுத்து வரவில்லை. கேட்டால் 'பாக்கறேன்.' இன்று காலை பதினெட்டாம் பகுதி மேன்ஹோல் பக்கத்தில் அவர் கார் வந்து நின்றது. சண்டைக்குத் தயாரானேன். இறங்கி, யாரிடமோ கடன் வாங்கிய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டார். ஒரு அளவு பெரிது. ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். இணைப்பவர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மூக்குக் கண்ணாடியில ஆவி படியுது. எழுத்தே தெரியல. நான் ஒவ்வொண்ணா சொல்றேன், நீங்க எழுதுங்க."

எழுதினேன்.