ஓரடி விட்டு நட்ட வேலி

கௌசல்யா அப்பாவுக்கு,

சோறும் கத்திரிக்காய் வெஞ்சனமும் அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் டுராண்டாச் செடி வேலி நட்டுவிட்டேன். "நம்மளக் கேக்காம அந்த வீட்டுப் பையனக் கட்டுனவ. அவ மூஞ்சி என் கண்ணுல படக்கூடாது, நெருக்கி நடு" என்றீர்கள். நர்சரிக்காரரோ, "ஓரடி விட்டு நடுங்கம்மா, நெருக்குனா காத்துப் போகாம அடியில காஞ்சிரும்" என்றார். கயிறு கட்டி ஓரடி விட்டுத்தான் நட்டேன். சேர்ந்து மறைக்க இரண்டு வருடம் ஆகுமாம். அதுவரை அவள் வாசலில் நிற்பது தெரியத்தான் செய்யும். நான் என்ன செய்ய?

இன்று காலை அவளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. செடிகளுக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா, நீயும் வாரியா?" என்று கேட்டாள். உங்களுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மாப்பிள்ளை ஆட்டோ கூட்டி வரப் போயிருக்கிறார். நானும் அவளோடு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். திட்டுவதானால் வந்தபிறகு திட்டுங்கள்.

செடிக்குச் சாயங்காலம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று. அவளைத் தாங்கிப் பிடிக்க ஓடியதில் இரண்டு செடியை மிதித்துவிட்டேன். நிமிர்த்திக் கட்டுவதா, அப்படியே விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.