பனிப் படத்தின் வலது ஓரம்

ஹேவிளம்பி, மார்கழி 18.

பழவேற்காட்டில் கருவாடு வியாபாரம் செய்யும் இப்ராகிம் பாய், தான் எடுத்த படம் ஒன்றைக் காலையில் கொண்டுவந்தார். சென்னையில் ஒரு போட்டிக்கு அனுப்ப ஆசை. நான் பத்திரிகைக்குப் படம் தேர்ந்தெடுப்பவன் என்பதால் என்னிடம் முதலில் காட்டினார்.

விடியற்கால ஏரி. பனியில் இரண்டு படகுகள் தண்ணீரைத் தொடாமல் மிதப்பதுபோல் இருந்தன. நன்றாக வந்திருக்கிறது என்றேன். சூரியன் இன்னும் சற்று ஏறியபின் எடுத்திருந்தால் படகுகள் கறுப்பாக எடுப்பாக விழுந்திருக்கும் என்றும் சொன்னேன். பிறகு வலது ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

"இந்தக் கம்பம் கண்ணை இழுக்குது பாய். இதை வெட்டிட்டா பரிசுக்கே வாய்ப்பிருக்கு."

பாய் சிரித்தார். "கம்பம் இல்ல சார், என் ஊட்டுக்காரி. மூஞ்சி தெரியாதுன்னா நிக்கறேன்னுச்சு. நல்ல பனிக்காக ஒரு வாரம் காத்துக்கினு இருந்தோம். நீங்க கம்பம்னு சொன்னத கேட்டா அதுக்கு ரொம்ப சந்தோஷம்."

அந்த அம்மாவுக்கு வேறு படமே கிடையாதாம்.

"இப்ப இன்னா பண்றது சார், வெட்டணுமா, வேணாமா?"

"வெட்டாதீங்க. ஆனா பரிசு வராது."

"அப்ப ஊட்லயே இருக்கட்டும்" என்றார். ரப்பரால் கோட்டை அழித்துக் கொடுத்தேன். அழுத்திய தடம் போகவில்லை.

கண்ணை மூடினால் படகுகள் இல்லை. வெள்ளைப் பனிக்குள் அந்த அம்மா மட்டும் நிற்கிறார். கேமராவைப் பார்த்து நின்றாரா, ஏரியைப் பார்த்தா? அதைக்கூட நான் கவனிக்கவில்லை.